மலையில இருக்கிற காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு ஆன்லைன்ல ஃபேன் குரூப் ஆரம்பிக்கிறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு நம்ம பக்கம் ஏதாவது ஒரு காலேஜ்ல படிக்கிறீங்க, உங்க பாஸ்கெட்பால் டீம் நல்லா ஆடுது, ஆனா மேட்ச் எப்போ எங்கன்னு ஆடுற அந்தப் பன்னெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியறதில்ல, அதுக்காக ஆன்லைன்ல ஒரு ஃபேன் குரூப் ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறீங்கன்னா இதை முழுசா படிச்சிட்டு ஆரம்பிங்க. கொடைக்கானல் பக்கம் இருக்கிறவங்களுக்கும் இதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும். நாங்க ஆரம்பிச்சப்போ சொல்லித்தர ஆளே இல்ல. அனுமதிக் கடிதம் மேசை மேசையா சுத்துச்சு, பழைய பேஜோட பாஸ்வேர்டு படிச்சு முடிச்சுப்போன ஒரு சீனியர்கிட்ட மாட்டிக்கிச்சு, செமிஃபைனல் நடுவுல லைவ் நின்னு போச்சு. இதெல்லாம் நீங்களும் படணும்னு அவசியம் இல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல ஏத்திக்கங்க. காலேஜ் டீம்னா மூணு வருஷத்துல மொத்த ஆளும் மாறிடுற டீம். ஆடுறவங்களும் போயிடுவாங்க, கத்துறவங்களும் போயிடுவாங்க, ஆரம்பிச்ச நீங்களும் போயிடுவீங்க. அதனால குரூப் உங்க பேர்ல நிக்கக் கூடாது, டீம் பேர்ல நிக்கணும். கீழ சொல்ற படிகள்ல பாதி இதுக்காகத்தான். முதல்ல அனுமதி, அடுத்தது அக்கவுண்ட், போஸ்ட் போடுறதெல்லாம் அதுக்கப்புறம்.

1. முதல்ல பி.டி. சாரைப் பாருங்க

எந்த ஆப்பையும் திறக்கிறதுக்கு முன்னாடி உங்க ஃபிசிக்கல் டைரக்டரைப் போய்ப் பாருங்க. இன்டர்காலேஜ் மேட்ச் ஃபிக்ஸ்சர், ரிப்போர்ட்டிங் டைம், கிரவுண்ட் மாறினது, இதெல்லாம் யுனிவர்சிட்டி சர்குலரா அவருக்குத்தான் வரும். அவரைத் தாண்டி வேற வழியில நியூஸ் பிடிச்சுப் போட்டீங்கன்னா ஒரு தடவை சரியா இருக்கும், அடுத்த தடவை தேதி தப்பாப் போய் நாப்பது பேர் சும்மா இருக்கிற கிரவுண்டுல போய் நிப்பாங்க.

போகும்போது தனியா போகாதீங்க, டீம் கேப்டனையும் கூட்டிட்டுப் போங்க. பொண்ணுங்க டீமும் இருந்தா அவங்க கேப்டனும் கட்டாயம் வரணும். பசங்க டீமுக்கு மட்டும் ஆரம்பிச்சு, பொண்ணுங்க டீமை அப்புறம் சேத்துக்கலாம்னு விட்ட குரூப் எதுலயும் அந்த "அப்புறம்" வந்து நான் பாத்ததில்ல. அதனால முதல் நாள்லயே ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிங்க.

எப்போ போகணும்? காலேஜ் திறந்த முதல் ரெண்டு வாரம்தான் சரியான நேரம், அதாவது ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம். இன்டர்காலேஜ் போட்டி பெரும்பாலும் படிப்பு வருஷத்தோட முதல் பாதியான ஆட் செமஸ்டர்லதான் வரும், அதுக்குள்ள பேப்பர் வேலை முடிஞ்சிருக்கணும். ஆகஸ்ட்ல போய் நின்னீங்கன்னா சாருக்கு செலக்‌ஷன், டி.ஏ. (தினப்படி) பில்லு, பஸ்னு தலைக்கு மேல வேலை இருக்கும்.

2. அனுமதிக் கடிதம்

வாய் வார்த்தையா "சரிப்பா பண்ணுங்க"ன்னு சொன்னா போதாது. பிரின்சிபால் மாறுவாங்க, சார் டிரான்ஸ்ஃபர்ல போவார், அப்போ "யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த நேரத்துல காட்ட ஒரு பேப்பர் கையில இருக்கணும்.

கடிதம் பிரின்சிபாலுக்கு எழுதணும், ஆனா "வழியாக: உடற்கல்வி இயக்குநர்"னு கண்டிப்பா போடணும். இந்த ஒரு வரி இல்லாம நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போற கடிதம் திரும்ப பி.டி. சார்கிட்டதான் வரும், அங்கேருந்து மறுபடி மேல போகும், அதுல ஒரு மாசம் ஓடிடும். கடிதத்துல நாலு விஷயம் எழுதுங்க. காலேஜ் பேரை ஃபேன் குரூப் பேர்ல பயன்படுத்த அனுமதி, காலேஜ் கிரவுண்டுல ஃபோட்டோ வீடியோ எடுக்க அனுமதி, யார் யார் அட்மின்னு பேரும் கிளாஸும் ரோல் நம்பரும், அப்புறம் "காலேஜ் பேருல பணம் வசூல் செய்ய மாட்டோம்"ங்கிற உறுதி. இந்த நாலாவதுதான் கையெழுத்தை வேகமா வாங்கித் தரும், ஏன்னா ஆபீஸ்ல எல்லாருக்கும் பயம் காசுலதான்.

ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணை ஆபீஸ்ல கொடுத்து இன்னொண்ணுல சீலும் தேதியும் இன்வர்டு நம்பரும் வாங்கிக்கங்க. அந்த நம்பர் இல்லேன்னா ரெண்டு வாரம் கழிச்சுப் போய் "எங்க கடிதம் என்ன ஆச்சு"ன்னு கேக்கும்போது யாராலயும் தேடித்தர முடியாது. கையெழுத்தாகி வர ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும்னு வச்சுக்கங்க. செலவு ஜெராக்ஸ் காசுதான்.

லோகோ விஷயத்துல ஜாக்கிரதை. பேரைப் பயன்படுத்த அனுமதி கிடைச்சதுன்னா சின்னத்தையும் போட்டுக்கலாம்னு அர்த்தம் இல்ல, சின்னத்துக்குத் தனியா கேளுங்க. தரலேன்னா டீம் ஜெர்சி கலர்ல நீங்களே ஒரு டிசைன் பண்ணிக்கங்க. பேஜ் பேர்ல "அஃபிஷியல்"ங்கிற வார்த்தை எந்தக் காரணத்துக்கும் வேணாம். அது காலேஜோட குரல்னு வெளியில நினைச்சுக்குவாங்க, நீங்க போடுற ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் பிரின்சிபால் பதில் சொல்ல வேண்டி வரும்.

3. அக்கவுண்டை யார் பேர்ல திறக்கிறது

எல்லா குரூப்பும் சாகுறது இந்த இடத்துலதான், அதனால பொறுமையா படிங்க.

உங்க சொந்த மெயில் ஐடி, சொந்த நம்பர் எதையும் பயன்படுத்தாதீங்க. குரூப்புக்குன்னு புதுசா ஒரு ஜிமெயில் திறங்க. இன்ஸ்டாகிராம், யூட்யூப், கூகுள் ஃபார்ம் எல்லாம் அதுலயே. தனியா ஒரு சிம் வாங்குங்க, அந்த சிம்மை ஃபைனல் இயர் படிக்கிறவங்க பேர்ல வாங்காம ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற நம்பகமான ஒருத்தர் பேர்ல வாங்குங்க, அப்போதான் மூணு வருஷம் கவலையில்லாம ஓடும். சிம்மை வாங்கி டிராயர்ல போட்டுடக் கூடாது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாம கிடந்தா சிம் கம்பெனி நம்பரைக் கட் பண்ணி வேற யாருக்காவது கொடுத்துடலாம், அப்படிக் கொடுத்துட்டா வாட்ஸ்அப்பும் அந்த நம்பரோட போயிடும். செமஸ்டர் லீவுல எல்லாரும் ஊருக்குப் போயிடுறப்போதான் இது நடக்கும். மாசம் ஒரு தடவை அதுலேருந்து யாருக்காவது ஒரு கால் பண்ணுங்க, குறைஞ்சபட்ச ரீசார்ஜையும் மறக்காதீங்க.

ஜிமெயில்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. போட்டதும் 10 பேக்கப் கோடு தரும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அதைப் பிரிண்ட் எடுத்து ஒரு கவர்ல போட்டு ஒட்டி பி.டி. சார் பீரோவுல வைக்கச் சொல்லுங்க. ஃபோன் தொலைஞ்சாலும், அட்மின் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் அந்தக் கவர் காப்பாத்தும். ரெண்டு வருஷம் யாருமே தொடாத அக்கவுண்டை கூகுள் அழிச்சுடலாம், அதையும் நினைவுல வச்சுக்கங்க.

பாஸ்வேர்டை அஞ்சாறு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. யூட்யூப் ஸ்டூடியோவுல பர்மிஷன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல மத்தவங்களை மேனேஜராவோ எடிட்டராவோ சேத்துக்கலாம், பாஸ்வேர்டு சொல்லவே வேணாம். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் பாஸ்வேர்டு ரெண்டே பேர்கிட்ட இருக்கட்டும், ஒருத்தர் சீனியர், ஒருத்தர் ஜூனியர்.

4. எந்த ஆப் எதுக்கு

எல்லா ஆப்லயும் ஒரே நாள்ல பேஜ் திறக்கிற ஆசை வரும். வேணாம். மூணு போதும்.

மேட்ச் நியூஸுக்கு வாட்ஸ்அப் சேனல். குரூப்பை விட இதைத்தான் நான் முதல்ல சொல்லுவேன், ஏன்னா குரூப்ல சேர்ந்த எல்லாரோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும், சேனல்ல ஃபாலோ பண்றவங்க ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் பாக்க முடியாது. பொண்ணுங்க தயங்காம சேர்றது இதுலதான். பேச்சு, கிண்டல், மேட்ச் அலசல் இதுக்கெல்லாம் தனியா ஒரு குரூப் வச்சுக்கங்க, ஒரு குரூப்ல 1,024 பேர் வரைக்கும் சேரலாம், நமக்கு அது தாராளம். இன்வைட் லிங்க்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டாதீங்க. கிளாஸ் ரெப் வழியா அனுப்புங்க, மாசம் ஒரு தடவை லிங்க்கை ரீசெட் பண்ணுங்க.

ரெண்டாவது இன்ஸ்டாகிராம், ஃபோட்டோவுக்கும் ரீல்ஸுக்கும். மூணாவது யூட்யூப், முழு மேட்ச் வீடியோவுக்கு. ஃபோன்லேருந்து யூட்யூப் லைவ் போடணும்னா சேனலுக்குக் குறைஞ்சது 50 சப்ஸ்கிரைபர் இருக்கணும், நம்பரை வெரிஃபை பண்ணி முதல் தடவை லைவை ஆன் பண்ணா அது வேலை செய்ய 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். மேட்ச் அன்னிக்குக் காலையில கிரவுண்டுல நின்னுக்கிட்டு இதைக் கண்டுபிடிக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே ஆன் பண்ணி ஹாஸ்டல் ரூம்ல ஒரு ரெண்டு நிமிஷம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

5. பிளேயர்ஸ் சம்மதம்

பன்னெண்டு பேருகிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க. ஒரு பக்கப் பேப்பர் போதும். ஃபோட்டோ போடலாமா, வீடியோ போடலாமா, பேர் சேத்துப் போடலாமா, இன்ஸ்டா ஐடி டேக் பண்ணலாமா, நாலுக்கும் தனித்தனியா ஆமா இல்லன்னு டிக் பண்ற மாதிரி வைங்க. மேட்ச் ஃபோட்டோ ஓகே, டேக் வேணாம்னு சொல்ற பிளேயர் நிறைய பேர் இருப்பாங்க, அவங்க வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது. பாஸ்கெட்பால் ஆடுறதையே வீட்டுல சொல்லாம ஆடுற பொண்ணு நம்ம மலையில இன்னமும் இருக்கு. ஹட்டியில (படுகர் கிராமத்துல) யாரோ ஒரு அக்கா ரீல்ஸைப் பாத்து அம்மாகிட்ட சொல்லி அதோட அந்தப் பொண்ணு டீம்லேருந்து நின்னுட்டா, அந்த லைக்கெல்லாம் வச்சு என்ன செய்யப் போறோம்?

பொண்ணுங்க டீம் போஸ்ட்டுக்கு வர்ற கமெண்ட்டை யார் பாக்கறதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. அந்த அட்மின் ஒரு பொண்ணா இருந்தா நல்லது. தப்பான கமெண்ட்டை உடனே அழிக்காதீங்க, முதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம் பிளாக், அப்புறம் அழிங்க. ரொம்ப மோசமாப் போனா சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் கொடுக்க அந்த ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம். வார்ம் அப், ஸ்ட்ரெச்சிங், டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் கேமரா திருப்பவே கூடாது, ஆட்டம் நடக்கிறப்போ எடுக்கிறது மட்டும்தான்.

இன்னொண்ணு, டீம் டிராவல். கோயமுத்தூர்ல காலையில ரிப்போர்ட்டிங்னா டீம் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி கீழ இறங்கும், இல்லேன்னா முந்தின நாளே போய்த் தங்கும். "இப்போ பர்லியார்ல டீ குடிக்கிறோம்", "இந்த லாட்ஜ்ல தங்கியிருக்கோம்"னு ஸ்டோரி போடாதீங்க. போய்ச் சேர்ந்து, ஆடி முடிச்சு, திரும்பி வந்தப்புறம் போட்டா போதும்.

6. மேட்ச் நாள்

உண்மையா குரூப் வளர்றது இங்கதான். மத்த நாள்ல நீங்க என்ன போட்டாலும், மேட்ச் அன்னிக்கு ஸ்கோர் வரலேன்னா ஆளு நிக்க மாட்டாங்க.

வீடியோவை நம்பாதீங்க, எழுத்தை நம்புங்க. நம்ம மலையில எந்த வளைவுல சிக்னல் இருக்கும், எந்த வளைவுல போகும்னு சொல்லவே முடியாது, ஆனா வீடியோ போகாத இடத்துலயும் ரெண்டு வரி டெக்ஸ்ட் எப்படியாவது போய்ச் சேர்ந்துடும். ஆட்டம் நாலு குவார்ட்டர், ஒவ்வொண்ணும் 10 நிமிஷம். அதனால குவார்ட்டருக்கு ஒரு அப்டேட்னு கணக்கு வச்சுக்கங்க. எந்த குவார்ட்டர், ஸ்கோர் என்ன, நம்ம பக்கம் யார் அதிக பாயிண்ட், யாருக்கு எத்தனை ஃபவுல். இந்த வரிசையை எப்பவும் மாத்தாதீங்க. ஃபவுல் எதுக்குன்னா அஞ்சு ஃபவுல் வாங்கினா அந்த பிளேயர் வெளிய, அதனால மூணாவது குவார்ட்டர்லயே நம்ம மெயின் பிளேயருக்கு நாலு ஃபவுல்னு தெரிஞ்சா வீட்டுல உக்காந்திருக்கிறவங்களுக்கும் நெஞ்சு அடிச்சுக்கும், அவங்க அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருப்பாங்க. அந்தத் துடிப்புதான் நமக்கு வேணும்.

ஸ்கோரை நீங்களே எண்ணாதீங்க. டேபிள் அஃபிஷியல்ஸ் வச்சிருக்கிற ஸ்கோர்ஷீட்தான் கணக்கு, குவார்ட்டர் முடிஞ்சதும் ஸ்கோர்போர்டைப் பாத்து எழுதுங்க. டேபிள் கிட்ட போய் நின்னு அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க, அதுக்கு நம்ம டீமுக்கு வார்னிங் வர வாய்ப்பிருக்கு. ரெஃப்ரி முடிவைப் பத்தி குரூப்ல ஒரு வார்த்தை கூடத் தப்பா எழுதாதீங்க, அடுத்த மாசம் அதே ரெஃப்ரிதான் வருவார்.

லைவ் போட்டே ஆகணும்னா டேட்டா கணக்குப் போட்டுக்கங்க. 720பி குவாலிட்டியில ஒரு மணி நேரத்துக்கு சுமாரா ஒண்ணுலேருந்து ரெண்டு ஜிபி வரைக்கும் இழுக்கும். 40 நிமிஷ ஆட்டம்னு பேரு, ஆனா கிளாக் நின்னு நின்னு ஓடும், டைம் அவுட் இருக்கு, நடுவுல 15 நிமிஷம் ஹாஃப் டைம் இருக்கு, ஆக மொத்தம் ஒண்ணரை மணி நேரத்துலேருந்து ரெண்டு மணி நேரம் ஆகிடும். ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி பேக் போட்டிருக்கிறவங்க ஃபோன்ல லைவ் போனா நாலாவது குவார்ட்டர்ல, அதுவும் ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துல, கட்டாயம் நின்னு போகும். முந்தின நாளே டேட்டா பூஸ்டர் போட்டு வைங்க. ரெண்டு வேற வேற கம்பெனி சிம் இருக்கிற ஃபோன் எடுத்துட்டுப் போங்க, கிரவுண்டுல அப்லோட் ஸ்பீடு எதுல நல்லா வருதுன்னு பாத்து அதுல போங்க. டவுன்லோட் ஸ்பீடைப் பாத்து ஏமாறாதீங்க, லைவுக்கு வேணுங்கிறது அப்லோட். சிக்னல் சுத்தமா சரியில்லேன்னா லைவை மறந்துடுங்க, ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணி சாயங்காலம் டவுன்ல பிராட்பேண்ட் இருக்கிற இடத்துலேருந்து ஏத்துங்க. விட்டு விட்டு வர்ற லைவை விட நாலு மணி நேரம் கழிச்சு வர்ற முழு வீடியோ மேல்.

குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும். டிசம்பர், ஜனவரி காலை மேட்ச்னா ஃபோனையும் பவர் பேங்கையும் கடைசி நிமிஷம் வரைக்கும் ஸ்வெட்டருக்குள்ளயே வச்சுக்கங்க. வெளிக் குளிர்லேருந்து கூட்டம் நிறைஞ்ச இண்டோர் ஹாலுக்குள்ள வந்தா லென்ஸ் மேல ஆவி படியும், ஒரு காட்டன் துணி கூடவே இருக்கட்டும்.

மழையும் மிஸ்ட்டும் தனிக் கதை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் கொட்டும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்ல பலமா இருக்கும். சிமெண்ட் கோர்ட் நனைஞ்சா மேட்ச் தள்ளிப்போகும், தள்ளித்தான் போகணும், வழுக்கி விழுந்தா முட்டி போயிடும். "தள்ளி வச்சாச்சு"ங்கிற மெசேஜை பி.டி. சார் உறுதியா சொன்னப்புறம்தான் போடணும், ஆனா சொன்ன அஞ்சு நிமிஷத்துல போட்டுடணும். மண் சரிஞ்சு காட் ரோடு அடைச்சிருக்குன்னா அதையும் சேத்துப் போடுங்க, கீழேருந்து வர்ற பழைய மாணவங்களுக்கு அது பெரிய உதவி.

அவங்களுக்காக இன்னொரு மெசேஜையும் பின் பண்ணி வைங்க. 2024 மே மாசத்துலேருந்து வெளி மாவட்ட வண்டியில ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வர்றவங்களுக்கு இ-பாஸ் வேணும், அரசு பஸ்ல வந்தா வேணாம். காசு கிடையாது, ஆனா சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு அளவு வைக்கிறாங்க, அதனால முன்கூட்டியே போடச் சொல்லுங்க. ஃபிளெக்ஸ் பேனர், பிளாஸ்டிக் கொடி, தண்ணி பாட்டில் எதுவும் நம்ம மாவட்டத்துல ஆகாது. துணி பேனர் எழுத வைங்க, தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அபராதம் போட்டா அது காலேஜ் பேர்லதான் நியூஸாகும்.

7. மேட்ச் இல்லாத நாள்

நம்ம மலையில ஃபுட்பால், கிரிக்கெட்டுக்குக் கூட்டம் தானா வரும், பாஸ்கெட்பாலுக்கு நாமதான் ஆளைச் சேக்கணும், பாதிப் பேருக்கு ரூலே தெரியாது. அதனால வாரம் ஒரு சின்ன போஸ்ட், ஒரு ரூல் மட்டும். 24 செகண்டுக்குள்ள ரிங்குக்கு ஷாட் போகணும், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியேருந்து போட்டா மூணு பாயிண்ட், ஒரு குவார்ட்டர்ல டீம் ஃபவுல் நாலு ஆகிடுச்சுன்னா அஞ்சாவதுலேருந்து எதிர் டீமுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. நம்ம டீம் வீடியோவையே வெட்டிக் காட்டி விளக்குங்க, அமெரிக்க மேட்ச் கிளிப் எடுத்துப் போட்டா காப்பிரைட் பிரச்சனை வரும். ஆர்வம் வந்தவங்களுக்கு நம்ம ஊர்க்காரங்க பத்தியும் சொல்லுங்க. இந்திய மகளிர் டீம் கேப்டனா இருந்த அனிதா பால்துரை நம்ம தமிழ்நாட்டுக்காரங்க, 2021-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. இது தெரியாத காலேஜ் பிள்ளைங்கதான் அதிகம்.

சினிமாப் பாட்டு போடுறதுல கவனம். யூட்யூப்ல முழு மேட்ச் வீடியோ பின்னாடி பாட்டு ஓடினா யூட்யூபே வீடியோவை மியூட் பண்ணிடலாம், 90 நாளைக்குள்ள மூணு காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும். கிரவுண்டுல ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுற நேரம் உங்க மைக்கை அணைச்சுடுங்க.

8. காசு

ஆரம்பிக்க பெரிய காசு ஒண்ணும் வேணாம். டிரைபாட் 700-லேருந்து 1,200 ரூபாய்க்குள்ள, பவர் பேங்க் 1,000-லேருந்து 1,500 ரூபாய்க்குள்ள, துணி பேனர், சிம். 3,000 ரூபாய் சுத்தி இருந்தா ஒரு சீசன் ஓட்டலாம், அட்மின்ஸ் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கங்க. குரூப்ல கியூஆர் கோடு போட்டு வசூல் மட்டும் வேணவே வேணாம். ஒருத்தர் சொந்த யூபிஐ-ல நூறு பேர் காசு வந்து சேர்ந்தா கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் பேச்சு வரும். அதோட நம்ம கியூஆரை மாத்தி வேற ஒண்ணை எவனாவது சுத்த விட்டா ஏமாந்தவங்க நம்ம கதவைத்தான் தட்டுவாங்க. அப்படி நடந்தா 1930-க்கு உடனே கூப்பிடச் சொல்லுங்க.

டீமுக்கு ஷூ, பால், டிராவல்னு பெருசா உதவணும்னா பழைய மாணவர் சங்கம் இருக்கும், அவங்க அக்கவுண்ட்ல நேரா போடச் சொல்லுங்க, ரசீது அங்கேயே கிடைச்சிடும். தனியா சங்கம் பதிவு பண்ணலாம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல குறைஞ்சது 7 பேர் இருந்தா முடியும், ஆனா வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் பண்ணணும். படிக்கிற பிள்ளைங்களுக்கு அந்தச் சுமை வேணாம்ங்கிறது என் கருத்து.

ஃபேன் டிஷர்ட் போடணும்னா திருப்பூர்ல சொல்லலாம், துணியைப் பொறுத்து ஒண்ணு 200-லேருந்து 350 ரூபாய் வரைக்கும் வரும். முன்பணம் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான் அடிக்கணும். நம்ம ஊர்ல டிஷர்ட்டை ஸ்வெட்டர் மேலதான் போடுவாங்க, அதனால எல்லாருக்கும் ஒரு சைஸ் பெருசா எழுதிக்கங்க. மேட்ச்சுக்கு மூணு வாரம் முன்னாடி ஆர்டர் போயிருக்கணும்.

ஸ்பான்சரா பக்கத்து பேக்கரி, ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ் வந்தா சந்தோஷம், பொருளா வாங்கிக்கங்க, வர்க்கியும் டீயும் போதும். கட்சி, சாதிச் சங்கம் பேர்ல வர்ற எதையும் வாங்காதீங்க. ஃபாலோயர் கொஞ்சம் ஏறினதும் பெட்டிங் ஆப்காரங்க டிஎம்ல வருவாங்க, ஒரு ஸ்டோரிக்கு இவ்வளவுன்னு. பதில் கூடப் போடாதீங்க. தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இருக்கு, அதுக்கு விளம்பரம் பண்றதும் குத்தம்தான், மாட்டினா கேஸ் உங்க பேர்ல, கெட்ட பேரு டீமுக்கு.

9. குரூப்புக்குள்ள சண்டை

வரும். படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்து பேசுற இடம் நம்ம மலை, அது குரூப்லயும் இருக்கட்டும், எந்த மொழியில வேணும்னாலும் எழுதட்டும். ஆனா ஊர் பேர், சாதி பேர், எதிர் காலேஜ் பிள்ளைங்களோட உருவம் இதை வச்சு ஒரு வார்த்தை வந்தாலும் ஒரு வார்னிங், ரெண்டாவது தடவை வெளிய. இதை முதல் மெசேஜாவே பின் பண்ணுங்க. தோத்த அன்னிக்கு ராத்திரி குரூப்பை அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்திட்டு மறுநாள் காலையில திறங்க. கோவம் ஒரு தூக்கத்துல பாதி இறங்கிடும், ஃப்ரீ த்ரோ விட்ட பையனும் அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்குவான்.

எக்ஸாம் நேரத்துல குரூப்பை மூடி வைங்க, ஹெத்தை ஹப்பா (படுகர் திருவிழா), பொங்கல் லீவுல பெருசா எதுவும் திட்டம் போடாதீங்க, பாதிப் பேர் ஊர்ல இருப்பாங்க.

10. கை மாத்துறது

ஃபைனல் இயர் எக்ஸாம் ஏப்ரல்ல வரும், அதனால மார்ச் முதல் வாரத்துலயே இந்த வேலையை ஆரம்பிச்சிடணும். யூட்யூப் சேனலை பிராண்ட் அக்கவுண்ட்ல (பல பேர் ஓனரா இருக்கக்கூடிய அக்கவுண்ட்) வச்சிருந்தா புது ஆளை ஓனரா சேத்து 7 நாள் ஆனப்புறம்தான் அவரை பிரைமரி ஓனரா மாத்த முடியும், டிசி வாங்குற அன்னிக்கு உக்காந்து பண்ற வேலை இல்ல இது. ஜிமெயிலோட ரெக்கவரி நம்பர், இன்ஸ்டாகிராம்ல இருக்கிற நம்பர், வாட்ஸ்அப் சேனல் அட்மின், பேச்சு குரூப்போட அட்மின், எல்லாத்தையும் புது ஆளுங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போதே மாத்துங்க, பாஸ்வேர்டை அவங்களையே புதுசா போடச் சொல்லுங்க. பழைய பேக்கப் கோடைக் கிழிச்சுப் போட்டுட்டு புதுசா 10 எடுத்துப் புதுக் கவர்ல பி.டி. சார்கிட்ட கொடுங்க. சிம் வச்சிருக்கிறவரும் அந்த வருஷமே முடிக்கிறார்னா நம்பரை ஃபர்ஸ்ட் இயர் பையன் பேருக்கு மாத்தணும், அதுக்கு ரெண்டு பேருமே ஆதாரோட கடைக்கு நேர்ல போகணும்.

ஜூன்ல காலேஜ் திறந்ததும் புது அட்மின்ஸ் பேரைப் போட்டு அதே கடிதத்தை மறுபடி கொடுக்கச் சொல்லுங்க, பழைய கடிதத்தோட சீல் வச்ச காப்பியையும் பின்னாடி சேத்துப் பின் பண்ணுங்க. அது இருந்தா ரெண்டாவது வருஷம் கையெழுத்து ஒரு வாரத்துல வந்துடும்.